எந்தப் பாடம்? – ஒரு வினாவின் வரலாறு

கொட்டாஞ்சேனையிலிருந்து களனிக்குச் செல்லும் வழி நீண்டதன்று. துறைமுகத்தை அண்டிய தெருக்களை விட்டு, களனி கங்கையின் பாலத்தைக் கடந்து, பேலியகொடை வழியாகக் கண்டி வீதியிற் சிறிது தூரம் போனால், தலுகமவில் களனிப் பல்கலைக்கழகம் நிற்கிறது. வெள்ளவத்தையிலிருந்து வருவோர் நகரின் தெற்கிலிருந்து வடக்குவரை முழுவதையும் கடந்து வரவேண்டும். இவ்விரு இடங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் கடைச் சிப்பந்திகளும்; வெள்ளவத்தையில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் அரசாங்க உத்தியோகத்தரும், போர்க்காலத்தில் வடக்கையும் கிழக்கையும் விட்டு வந்தோரும். இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளிற் சிலர் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவர்களிற் பலர் புத்தகங்களோடு ஒரு வினாவையும் சுமந்து செல்கின்றனர். எந்தப் பாடத்தை எடுப்பது?

ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மிற் பலர் இந்த வினாவை நாளும் கேட்டிருக்கிறோம். “உனக்கு எதில் விருப்பம்?” என்று திருப்பிக் கேட்போம். “தெரியவில்லை, சேர்” என்று மாணவன் தலை குனிவான். அப்போது நமக்குச் சற்றுச் சினம் மூளும். இவ்வளவு படித்தும் தன் மனம் தனக்குத் தெரியாதா என்று எண்ணுவோம். அவனுடைய தயக்கத்தைச் சோம்பல் என்போம், உறுதியின்மை என்போம். வீட்டிலும் அவனுக்குக் கிடைப்பது இதே தீர்ப்புத்தான்.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். “தெரியவில்லை” என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்நாட்டில் அச்சொல்லைத் துணிந்து சொல்லக் கூடியவராய் இருந்தவர் யார்? சொல்லிவிட்டுப் பிழைத்தவர் யார்? சொல்ல முடியாமற் போனவர் யார்? இவற்றை அறிந்துகொண்டால், மாணவனின் தயக்கத்தை வேறு கண்கொண்டு நோக்குவோம்.

*

கொழும்பிற் பிறந்த தமிழர் ஒருவரிலிருந்து தொடங்குவோம். ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு இந்நகரிற் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி. தாய் ஓர் ஆங்கிலப் பெண். குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்றவை புவிச்சரிதவியலும் தாவரவியலும். இலங்கைக்குத் திரும்பி, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைட் என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தவர் அவரே. பாறைகளைத் தேடிக் கிராமங்களிற் சுற்றியபோது, கைவினைஞர் வாழ்வையும் அவர்களது தொழில் நசிந்து வருவதையும் கண்டார். கல்லை ஆராய வந்தவரின் கவனம் கல்லைச் செதுக்கியவனிடம் சென்றது. 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1917 முதல் அமெரிக்காவில் பொஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையிற் பணி புரிந்து, உலகறிந்த கலை வரலாற்றறிஞராய் 1947இல் மறைந்தார்.

அதே 1947ஆம் ஆண்டில் மறைந்த மற்றொருவரை எண்ணிப் பார்ப்போம். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனன் கொழும்புக்கு வந்து ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று 1916இல் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்துகொண்டே 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். இத்துணையும் ஆனபின், 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து துறவு வழியை மேற்கொண்டார். விபுலானந்த அடிகளாகத் திரும்பி வந்து கிழக்கிலே பாடசாலைகளை நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அவர் இறுதியில் நமக்குத் தந்தது யாழ் நூல். மறைந்துபோன பழந்தமிழ் இசைக்கருவியைக் கணக்கினாலும் ஒலியியலினாலும் மீட்டெடுக்க முயன்ற நூல் அது. வெறும் பண்டிதர் ஒருவரால் அதனை எழுதியிருக்க முடியாது. வெறும் விஞ்ஞானப் பட்டதாரியாலும் முடியாது. வீணாயிற்று என்று ஊரார் எண்ணியிருக்கக்கூடிய விஞ்ஞானக் கல்வி, முப்பது ஆண்டுகளின் பின் தமிழுக்குப் பயன்பட்டது.

மூன்றாமவர் நம் நாட்டவரல்லர். ஆயினும் களனியோடு நெருங்கிய தொடர்புடையவர். “வால்காவிலிருந்து கங்கை வரை” என்ற நூலைத் தமிழிற் படித்து வளர்ந்த முற்போக்கு வாசகருக்கு ராகுல சாங்கிருத்தியாயனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வடஇந்தியக் கிராமமொன்றிற் பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் வீட்டை விட்டு ஓடிய அவர், வைதிகத் துறவியாயும் ஆரிய சமாஜத்தவராயும் அலைந்தபின், 1927இல் களனிக்கு அருகிலிருந்த வித்தியாலங்காரப் பிரிவெனாவுக்கு வந்தார். 1875இல் நிறுவப்பட்ட அந்தப் பிக்குகளின் கல்விக்கூடத்தில் அவர் சமஸ்கிருதம் கற்பித்தார், பாளி கற்றுக்கொண்டார். 1930இற் பௌத்த பிக்குவானார். பின்னர் திபெத்துக்குச் சென்று சுவடிகளைத் தேடினார், விவசாயிகள் இயக்கத்திற் சேர்ந்து சிறை சென்றார், மார்க்சியவாதியானார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத இந்த மனிதரையே, முன்னைய பிரிவெனா பல்கலைக்கழகமாக உயர்ந்த பின் 1959இற் பேராசிரியராக அழைத்தார்கள்.

மூவரும் பாதை மாறியவர்கள். இருபது வயதில் எடுத்த முடிவே வாழ்வின் முடிவு என்று அவர்கள் கட்டுண்டிருந்தால் நாம் இழந்திருப்பவை பல. ஆயினும் இதை இத்துடன் நிறுத்தி, “நீங்களும் இவர்களைப் போலத் துணிந்து வழி மாறுங்கள்” என்று மாணவருக்கு உபதேசிப்பது நேர்மையாகாது. அவர்கள் வழி மாற முடிந்தது எப்படி என்பதையும் கேட்க வேண்டும். குமாரசுவாமிக்குத் தந்தையின் செல்வம் இருந்தது. விபுலானந்தருக்கு ஆசிரியத் தொழில் சோறு போட்டது. பின்னர் மடம் தாங்கியது. ராகுலருக்குப் பிரிவெனா பாயும் உணவும் நூல்களும் தந்தது. தயங்கவும் தேடவும் மாறவும் அவர்களுக்கு வேண்டியிருந்த காலத்தின் செலவை யாரோ ஏற்றார்கள். குடும்பச் சொத்தோ மடமோ தாங்காத மாணவனின் தயக்கத்துக்கு யார் செலவு செய்வது? வினாவின் உயிர்நிலை இதுவே.

*

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வினா மிகச் சிலருக்கே எழுந்தது. கொழும்பில் 1870இல் மருத்துவப் பாடசாலை தோன்றியது. 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அது இலண்டன் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் – அந்நாளைய வழக்கிற் சர்வகலாசாலை – உருவானபோது அதிற் பயின்ற மாணவர் தொகை 904. முழு நாட்டுக்கும் 904 பேர்! அவர்கள் ஆங்கிலம் கற்ற குடும்பங்களின் பிள்ளைகள். பட்டம் பெற்றவன் மருத்துவனாவான், அல்லது நியாயவாதியாவான், அல்லது சிவில் சேவையிற் புகுவான். எந்தப் பாடத்தை எடுத்தாலும் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. இலத்தீனையோ வரலாற்றையோ மனம்போல் எடுத்தவனும் உயர் உத்தியோகம் பெற்றான். தெரிவுச் சுதந்திரம் அங்கே இருந்தது. ஆயின் அது ஒரு வர்க்கத்தின் சுதந்திரம்.

1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்த நிலையை அசைத்தது. கல்வி மந்திரியாக இருந்த கன்னங்கரா, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமையை மக்களுக்குப் பெற்றுத் தந்தார். வசதி படைத்தோரின் எதிர்ப்பு சிறிதன்று. அவ்வெதிர்ப்பின் நடுவே வித்தியாலங்காரப் பிக்குகளும் இடதுசாரிகளும் இத்திட்டத்துக்காகக் குரல் கொடுத்ததை நாம் மறத்தலாகாது. சுயபாஷைக் கல்வி ஆரம்ப வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலே ஏறி, 1960ஆம் ஆண்டளவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தை எட்டியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே வித்தியாலங்காரமும் மாளிகாகந்தையிலிருந்த வித்தியோதயமும் பல்கலைக்கழகங்களாகிவிட்டன. தகப்பன் பெயரைக்கூட எழுதத் தெரியாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றனர். இந்நாட்டின் வரலாற்றில் இதனினும் பெரிய சாதனை வேறு சிலவே இருக்கும்.

ஆனால் வாசல் திறந்ததேயன்றி, உள்ளே அறைகள் எல்லாம் திறக்கவில்லை. கிராமப் பாடசாலைகளில் ஆய்வுகூடம் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லை. சிங்களத்திலும் தமிழிலும் விஞ்ஞான நூல்கள் அரிதாயிருந்தன. ஆய்வுகூடம் கட்டுவதிலும் பார்க்கக் கலை வகுப்பொன்றைத் தொடங்குவது அரசாங்கத்துக்கு மலிவு. ஆகவே புதிதாக வந்த மாணவரிற் பெரும்பாலோர் கலைப் பாடங்களையே எடுத்தனர். அவர்கள் அவற்றைத் தெரிந்தெடுத்தார்கள் என்று சொல்வது சரியன்று. எடுப்பதற்கு வேறொன்றும் அவர்கள் முன் வைக்கப்படவில்லை. வித்தியாலங்காரத்தில் விஞ்ஞானபீடம் 1967இலேதான் தொடங்கியது.

பட்டம் பெற்று வெளியே வந்தவர்களுக்கு வேலையில்லை. ஆங்கிலம் அறிந்த பழைய வர்க்கம் தன் இடங்களை விடவில்லை. பொருளாதாரம் தேயிலையிலும் இறப்பரிலும் தேங்கிக் கிடந்தது. 1971 ஏப்ரலிற் சிங்களக் கிராமங்களின் படித்த இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. களனியில் நேர்ந்ததை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். வித்தியாலங்காரப் பல்கலைக்கழக வளாகமே பிடிபட்ட இளைஞரை அடைத்து வைக்கும் முகாமாக மாற்றப்பட்டது. கற்கும் கூடம் சிறைக்கூடமாயிற்று. இன்று அதே வளாகத்தின் மரநிழல்களில் அமர்ந்து எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று பேசிக்கொள்ளும் மாணவரில் எத்தனை பேர் இதை அறிவர்?

அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையிற் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழுவொன்று இங்கு வந்து ஆராய்ந்தது. கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டிற் கிடைக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்பது அதன் அறிக்கையின் மையக் கருத்து. அது உண்மையே. ஆயினும் அவ்வுண்மையைப் பலர் பிற்காலத்தில் ஒரு பக்கமாகவே வாசித்தனர். வேலை தரும் பாடத்தை எடுக்காதது மாணவன் குற்றம் என்றனர். வேலையை உருவாக்காத பொருளாதார அமைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் சிலரே.

*

தமிழ் மாணவரின் நிலை இவ்வரலாற்றில் வேறொரு முடிச்சாயிற்று. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆக்கப்பட்டதும், அரசாங்க உத்தியோகத்தை நம்பியிருந்த தமிழ் நடுத்தர வர்க்கத்துக்கு அந்த வழி அடைபடத் தொடங்கியது. எழுதுவினைஞனாவதற்கும் நிருவாக சேவையிற் புகுவதற்கும் மொழி தடையாயிற்று. நோயாளியின் உடலுக்கும் பாலத்தின் உறுதிக்கும் மொழி இல்லையாதலால், மருத்துவமும் பொறியியலும் மட்டும் திறந்திருந்தன. மிஷனரிகள் காலத்திலிருந்து யாழ்ப்பாணக் கல்லூரிகளில் வளர்ந்திருந்த விஞ்ஞானக் கல்வி அதற்குக் கைகொடுத்தது. தமிழ்ப் பிள்ளை பிறக்கும்போதே “டொக்டரா, எஞ்சினியரா?” என்று வீட்டார் கேட்கும் வழக்கத்தை நாம் பலமுறை கேலி செய்திருக்கிறோம். அக்கேலியில் உண்மை உண்டு. ஆனால் அவ்வழக்கத்தை இத்துணை இறுக்கியது பெற்றோரின் பேராசை மட்டுமன்று. மற்றக் கதவுகளைச் சாத்திய அரசியலுமாகும்.

பிறகு அந்தக் கதவிலும் கைவைக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதுமாயிற்று. பேராதனைப் பொறியியலுக்கு இவ்வெண்கள் 250உம் 227உம். தரப்படுத்தல் என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1974இல் மாவட்டப் பங்கீடும் வந்து சேர்ந்தது. இதைச் செய்தது இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட கூட்டரசாங்கம் என்பதை, இடதுசாரிப் பாரம்பரியத்தைச் சேர்ந்த நாமே ஒளிக்காமற் சொல்ல வேண்டும்.

இங்கே இரண்டு உண்மைகள் உள்ளன. நகரப் பாடசாலைக்கும் பின்தங்கிய கிராமப் பாடசாலைக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருந்தது. அதைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. மாவட்டப் பங்கீட்டினால் கண்டிப் பகுதிக் கிராமத்துப் பிள்ளைகள் மட்டுமன்றி, பின்தங்கிய தமிழ் மாவட்டங்களின் மாணவர் சிலரும் பயனடைந்தனர். இது ஓர் உண்மை. ஆனால் ஒரே தேர்வை எழுதிய இருவரை மொழியினால் வேறுபடுத்தி, ஒருவனுக்குக் கூடிய புள்ளியும் மற்றவனுக்குக் குறைந்த புள்ளியும் விதித்தது அநீதி. இது மற்றோர் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பதும், இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறப்பதும் வரலாற்றுக்கு உகந்தனவல்ல. தான் எதைக் கற்கலாம் என்பதைத் தன் மொழி தீர்மானிக்கிறது என்று உணர்ந்த ஒரு தலைமுறை இளைஞர் எங்கே போய்ச் சேர்ந்தனர் என்பதை அடுத்த முப்பது ஆண்டுகள் காட்டின.

மாவட்டப் பங்கீட்டினால் மிகுதியாக இழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும். கொழும்பு என்றால் யார்? பெரிய பாடசாலைகளின் மாணவன் மட்டுமல்லன். கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் மகளும் கொழும்பு மாவட்டத்தவளே. இன்று மொழிவாரித் தரப்படுத்தல் இல்லை. 2001 முதல் இசட் புள்ளி என்னும் கணிப்பு நடைமுறையில் உள்ளது. பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி நாட்டின் உயர்ந்த வெட்டுப்புள்ளிகளில் ஒன்று. நான்கு தனியார் வகுப்புகளுக்குக் காரிற் செல்லும் பிள்ளையும், ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். மாவட்ட எல்லையைக் காணும் சட்டம் வர்க்க எல்லையைக் காண்பதில்லை.

பணமுள்ளோருக்கு வேறு வழியும் திறந்தது. 1981இல் களனிக்கு வடக்கே ராகமவில் வடகொழும்பு மருத்துவக் கல்லூரி தனியார் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. வெட்டுப்புள்ளியை எட்டாதவரும் கட்டணம் செலுத்தி மருத்துவம் கற்கலாமென்ற நிலை வந்ததும், நாடெங்கும் மாணவர் எதிர்த்துக் கிளர்ந்தனர். 1989இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. 1991இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடமாயிற்று. இலவசக் கல்வியின் எல்லை எது என்பது பற்றிய அப்போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. பிற்காலத்திலும் வேறு பெயர்களில் அது தொடர்ந்தது.

*

இந்த வரலாற்றைக் கையிற் கொண்டு, இன்றைய மாணவியிடம் திரும்புவோம். கொட்டாஞ்சேனையில் அவள் சாதாரணதரத் தேர்வில் நன்றாகச் சித்தியடைந்தாள் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு வயதில் அவள் உயிரியல், கணிதம், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஒரு பிரிவைத் தெரிய வேண்டும். உயிரியலை எடுத்தால் தனியார் வகுப்புக்குப் பணம் வேண்டும். வீட்டில் அது இல்லை. அவள் கலைப் பிரிவுக்குச் செல்கிறாள். பாதித் தெரிவு அப்போதே, அவளைக் கேளாமலே முடிந்துவிட்டது. நல்ல புள்ளி பெற்றுக் களனிக்கு வருகிறாள். விரிவுரைகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நிகழ்கின்றன; அவள் கற்று வந்ததோ தமிழில். ஆதலால் மொழி பிடிபடும் பாடம் எது என்று பார்த்து எடுக்கிறாள். மீதிப் பாதியும் அவ்வாறே முடிகிறது. இதன் பின் நாம் அவளிடம், “உனக்கு எதில் விருப்பம்?” என்கிறோம். இதுவரை எவரும் கேளாத கேள்வியை முதன்முறையாக அப்போதுதான் கேட்கிறோம். அவள் “தெரியவில்லை” என்றால் அதில் வியப்பென்ன?

ஆயினும் நம் பல்கலைக்கழகக் கலைக்கல்வியில் ஒரு நல்ல வழக்கம் இன்னும் எஞ்சியுள்ளது. முதலாண்டில் மாணவர் ஒரு பாடத்தில் மட்டும் தம்மைப் பிணைத்துக்கொள்வதில்லை. மூன்று பாடங்களைக் கற்கின்றனர். முதலாண்டுத் தேர்வின் பின்னரே சிறப்புப் பட்டத்துக்கு ஒரு பாடத்தில் ஆழ்வதா, பொதுப் பட்டத்துக்கு மூன்றையும் தொடர்வதா என்பது தீர்மானமாகிறது. பழைய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இறுதியிலே நடந்த கலைத் தகுதித் தேர்வின் வழிவந்தது இம்முறை. அன்று அது வசதியுள்ள மாணவருக்குக் கிடைத்த அவகாசம். இலவசக் கல்வி அந்த அவகாசத்தைத் தொழிலாளியின் மகளுக்கும் கொடுத்தது. குமாரசுவாமிக்குத் தந்தையின் சொத்தும் ராகுலருக்குப் பிரிவெனாவும் தந்த காலத்தை, அவளுக்கு ஓராண்டேனும் மக்களின் வரிப்பணம் தருகிறது.

இந்த ஓராண்டைப் பலர் வீணென்கின்றனர். வேலைச் சந்தைக்கு உடனே உதவும் படிப்பாக முதல் நாளிலிருந்தே அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்ற குரல் உரத்துக் கேட்கிறது. வேலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேலையில்லாப் பட்டதாரியின் துயரம் 1971இல் எதில் முடிந்தது என்று கண்டோம். ஆனால் எந்தத் தொழில் பத்து ஆண்டுகளின் பின் இருக்கும் என்பதை அரசாங்கமும் அறியாது, முதலாளியும் அறியான். அறியாததை அறிந்ததாகப் பாவித்து, அந்த ஊகத்தின் முழு நட்டத்தையும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. வழி மாறும் வசதி செல்வரிடம் எப்போதும் இருக்கும். அவர்கள் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி வேறு பாடம் கற்பிப்பார்கள். பொதுக் கல்வியில் அந்த வசதி ஒழிந்தால் இழப்பவள் கொட்டாஞ்சேனை மாணவியே.

ஆகவே நாம் வேண்டுவன சில. எந்தப் பாடசாலையிற் படித்தாலும் பிள்ளைக்கு எல்லாப் பிரிவுகளும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் நெடுங்காலமாக மிகச் சிலவாகவே இருந்தன என்பதை எண்ணும்போது, இது சிறிய கோரிக்கையன்று. முதலாண்டின் மூன்று பாட முறை காக்கப்பட வேண்டும். தவறான பாடத்தை எடுத்துவிட்டவர் தண்டனையின்றி மாற வழி வேண்டும். அந்த ஆண்டில் மாணவர் பட்டினி கிடவாதபடி உதவித்தொகை உரிய காலத்திற் கிடைக்க வேண்டும். மொழி தெரியாமையாற் பாடத்தைக் கைவிடும் நிலை நீங்க வேண்டும். தமிழ் மாணவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும், சிங்கள மாணவருக்குத் தமிழும் கற்பிக்கும் வகுப்புகள் பெயரளவில் அன்றி உண்மையாக நடைபெற வேண்டும்.

மாணவருக்கும் ஒரு சொல் உண்டு. தயக்கம் இழிவன்று, ஆயின் சும்மா இருப்பது தயக்கமாகாது. குமாரசுவாமி கிராமம் கிராமமாக நடந்தே தம் வழியைக் கண்டார். விபுலானந்தர் விஞ்ஞானத்தை அரைகுறையாகக் கற்றிருந்தால் யாழ் நூல் பிறந்திராது. மூன்று பாடங்களை எடுக்கும்போது, மனம் நாடும் ஒன்றை எடுங்கள். கணக்கோ புள்ளிவிபரமோ மொழியோ போல, எங்கு சென்றாலும் கருவியாய் உதவும் ஒன்றை எடுங்கள். இதுவரை உங்களுக்கு எவரும் அறிமுகஞ் செய்யாத ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். மூன்றையும் உழைத்துக் கற்றால், ஆண்டின் முடிவில் உங்கள் விருப்பம் உங்களுக்கு ஓரளவேனும் விளங்கும். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இதற்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதற்குக் கட்டண வகுப்பு எதுவும் வேண்டியதில்லை.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை ஒரு மாணவன் நம் முன் நின்று “தெரியவில்லை, சேர்” என்று சொல்லும்போது, அவனைக் கடிந்துகொள்ளாதிருப்போம். எந்தெந்தப் பாடங்களை அவனுக்கு இதுவரை நாம் காட்டவேயில்லை என்று முதலில் நம்மைக் கேட்டுக்கொள்வோம். பின்னர் அவனை உட்காரச் சொல்லி, அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.